பொய்யான வரைபடமும் மெய்யான கையும்

ஒரு சிகிச்சை நோயாளிக்கு ஆறுதல் தருகிறது. ஆனால் அச்சிகிச்சைக்குச் சொல்லப்படும் விளக்கமோ பிழையானது. இவ்விரண்டையும் ஒருங்கே அறிந்த ஒருவன் என்ன செய்தல் வேண்டும்? ஆறுதல் கிடைக்கிறதே என்று விளக்கத்தின் பிழையைக் கண்டும் காணாமல் விடுவதா? விளக்கம் பிழையென்பதற்காக ஆறுதலையும் சேர்த்துத் தள்ளிவிடுவதா? பகுத்தறிவில் நம்பிக்கையுடைய நம்மவரிற் பெரும்பாலார் இரண்டாவது வழியையே உடனடியாகத் தெரிந்தெடுப்பர். வேறு சிலர், 'பலன் இருந்தாற் போதாதா?' என்று கேட்டு முதலாவதோடு அமைதி அடைவர். இரு விடைகளும் அவசரத்திற் பிறந்தவை என்பது என் துணிபு.

வினாவை வெறும் தர்க்கமாக விட்டுவிடாது ஒரு பொருளின்மேல் வைத்துப் பார்ப்போம். ஊசியோ மருந்தோ இன்றி, விரலால் மட்டும் உடலின் குறித்த இடங்களை அழுத்தி நோய் தணிக்கும் முறை இன்று அக்குபிரஷர் என்ற பெயரில் உலகெங்கும் வழங்குகின்றது. நம் நாட்டிலும் அதற்கு ஆதரவாளர் உண்டு. அதன் கோட்பாடு சீனத்திலிருந்து வந்தது. உடலிற் பன்னிரண்டு முதன்மையான ஓட்டப் பாதைகள் உள்ளன. அவற்றினூடே 'ச்சி' எனப்படும் உயிர்ச்சக்தி ஓடுகிறது. ஓட்டம் தடைப்பட்டால் நோய். பாதையிலுள்ள உரிய புள்ளியைத் தூண்டினால் தடை நீங்கும் என்பதே அதன் சாரம். புள்ளிகள் 361 எனக் கணக்கிடப்பட்டு, அவற்றின் இடங்கள் உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில் வரையறுக்கப்பட்டும் உள்ளன. ஆனால் உடலை அறுத்து ஆராய்ந்த எந்த உடற்கூற்றியலாளனும் அப்பாதைகளில் ஒன்றையேனும் கண்டதில்லை. குருதிக் குழாய் உண்டு, நரம்பு உண்டு, நிணநீர்க் குழாய் உண்டு. ஓட்டப் பாதை இல்லை.

இல்லாத பாதைகளை மனிதர் எவ்வாறு கண்டனர்? இவ்விடத்திற் சற்றுத் தங்கிச் செல்வது பயனுடையது. 1973ஆம் ஆண்டு சீனத்தின் ஹூனான் மாகாணத்தில், சாங்ஷா நகரின் அருகேயுள்ள மாவாங்துவி என்னுமிடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையொன்று அகழப்பட்டது. அதனுள்ளே பட்டுத்துணியில் எழுதப்பட்ட மருத்துவச் சுவடிகள் இருந்தன. அவையும் பாதைகளைப் பற்றிப் பேசுகின்றன. ஆயின் அவற்றின் தொகை பதினொன்று. புள்ளிகளின் பெயர்கள் அங்கில்லை. ஊசியும் இல்லை, மூலிகையைக் கொளுத்திச் சூடு வைப்பதே சிகிச்சையாகக் கூறப்படுகிறது. அதற்குப் பின்னர் தொகுக்கப்பட்ட 'மஞ்சட் பேரரசரின் உள்நூல்' என்னும் பெருநூலிற்றான் பதினொன்று பன்னிரண்டாகிறது. ஊசி முதன்மை பெறுகிறது. புள்ளிகள் ஆண்டின் நாட்களுக்கு இணையாக 365 என்று கூறப்படுகின்றன. ஆனால் அந்நூல் பெயர் சொல்லிக் காட்டும் புள்ளிகள் அத்தொகையின் பாதிக்கும் குறைவே. முதலில் எண் வந்தது. புள்ளிகள் பின்னர் வந்து அதனை நிரப்பின.

பதினொன்று ஏன் பன்னிரண்டாயிற்று? அந்நூலே விடை தருகிறது. உடலின் பன்னிரு பாதைகளும் நாட்டின் பன்னிரு ஆறுகளுக்கு ஒப்பிடப்படுகின்றன. இதயம் அரசன், நுரையீரல் அமைச்சன், ஈரல் படைத்தலைவன், வயிறு களஞ்சியத்தின் அதிகாரி. கி.மு. 221இல் சீனம் முதன்முறையாக ஒரே பேரரசாயிற்று. ஆறுகளும் கால்வாய்களும் தானியத்தைக் களஞ்சியத்திலிருந்து களஞ்சியத்துக்குக் கொண்டு சென்றன. கால்வாய் அடைபட்டால் மாகாணம் பட்டினி கிடந்தது. சீன மருத்துவ வரலாற்றை ஆராய்ந்த ஜேர்மானிய அறிஞர் பவுல் உன்ஷுல்ட், இம்மருத்துவத்தில் வரும் உடல் அப்புதிய பேரரசின் சாயலே என்று விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். தன் கண்முன் எழுந்த அரசை மனிதன் தன் தோலுக்கடியில் வரைந்து பார்த்தான்.

இதனை நகைப்பது எளிது; நியாயமன்று. அதற்கு முன்னர் நோயென்பது பேயின் செயல், மூதாதையரின் சினம். பேயை விரட்டுதலே வைத்தியம். அந்த இடத்தில், நோய்க்குக் காரணம் உடலினுள்ளேயே உண்டு, அது ஒழுங்குக்கு உட்பட்டது, மனிதன் அதனை அறிந்து சரிசெய்யலாம் என்று கூறியது பெரியதொரு முன்னேற்றம். அக்காலத்தின் மிகச் சிறந்த ஊகம் அது. ஈராயிரம் ஆண்டுகளின் பின்பும் அதனை ஊகமென்று கூற மறுப்பதிலேதான் தவறு இருக்கிறது.

இங்கு ஒரு சிறு செய்தி. கீழைத்தேய ஞானம் என்று நம்மவர் பெருமிதத்தோடு உச்சரிக்கும் 'மெரிடியன்' என்ற சொல் கீழைத்தேயத்தது அன்று. சீனத்திற் பிரான்சின் தூதுவ அலுவலராகவிருந்த ஜோர்ஜ் சூலியே த மொரான் 1939இல் தம் நூலில் இட்ட பெயர் அது. பூமிப் படத்தில் வரையும் தீர்க்கரேகையின் பெயர். 'ச்சி'யை 'எனர்ஜி' என்று மொழிபெயர்த்தவரும் அவரே. மின்சார யுகத்து ஐரோப்பியன் தன் சொற்களைப் பழைய சீனத்துக்கு இரவல் கொடுத்தான். அவற்றை நாம் ரிஷிகளின் வாக்கெனப் பெற்றுக்கொண்டோம்.

சீன மக்களே இம்மருத்துவத்தை என்றும் ஒருமுகமாகப் போற்றினர் என்று எண்ணுதலும் தவறு. 1822இல் தாவோகுவாங் பேரரசர் அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து ஊசி மருத்துவத்தை நீக்கினார். லூ சுன்னின் கதை நம் வாசகர் பலர் அறிந்ததே. நோயுற்ற தந்தைக்கு வைத்தியர் கேட்ட விசித்திரப் பொருள்களை, மூன்று ஆண்டு உறைபனியிற் கிடந்த கரும்பையும் சோடி பிரியாத சில்வண்டுகளையும், தேடி அலைந்த சிறுவன் அவர். வீட்டுப் பொருள்கள் அடகுக் கடைக்குப் போயின. தந்தை 1896இல் இறந்தார். சீன வைத்தியர்கள் அறிந்தோ அறியாமலோ ஏமாற்றுபவரே என்ற முடிவுக்குத் தாம் வந்ததை 1922இல் எழுதிய முன்னுரையொன்றில் அவர் கூறுகிறார். 'அறியாமல்' என்ற அச்சொல்லை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஏமாற்றுபவன் தானும் ஏமாந்திருக்கலாம். ஆயினும் அடகு வைக்கப்பட்ட பொருள் மீளாது.

1929இல் நான்கிங் அரசாங்கத்தின் சுகாதாரக் குழுவில், பழைய மருத்துவத்தைப் படிப்படியாக ஒழிக்கும் பிரேரணையை யூ யுன்சியூ என்ற மருத்துவர் கொண்டுவந்தார். நாடெங்கும் வைத்தியர்கள் கிளர்ந்தெழுந்தனர், பிரேரணை கைவிடப்பட்டது. இருபது ஆண்டுகளின் பின் ஆட்சிக்கு வந்த பொதுவுடைமைக் கட்சி எதிர்த் திசையிற் சென்றது. ஐம்பத்து நான்கு கோடி மக்கள். நவீன மருத்துவம் கற்றவர் சில பத்தாயிரவர் மட்டுமே, அவரும் நகரங்களில். இந்நிலையில் மாஓ சேதுங் சீன மருத்துவத்தைப் பெரியதொரு புதையல் என்று 1958இற் புகழ்ந்தார். 1965இல் சுகாதார அமைச்சு நகரத்துப் பிரபுக்களின் அமைச்சென்று கண்டித்தார். அதன்பின் எழுந்த வெறுங்கால் வைத்தியர்கள், சில மாதப் பயிற்சியும் ஒரு பெட்டி மருந்தும் சில ஊசிகளுமாகக் கிராமங்களுக்குச் சென்றனர்.

அந்த இயக்கத்தை மதிக்காதவர் ஏழையின் நோயை அறியாதவர். அவர்கள் தடுப்பூசி ஏற்றினர், கிணற்றையும் மலக்குழியையும் சீர்செய்வித்தனர், பிள்ளைப்பேறு பார்த்தனர். நூற்றாண்டுகளாக எவரும் எட்டிப்பாராத குடிசையில் ஒரு வைத்தியன் நுழைந்தான். ஆனால் அதே மாஓ, சீன மருத்துவத்தை வளர்க்க வேண்டுமென்று தாம் கூறினாலும் தமக்கு அதில் நம்பிக்கையில்லை, தாம் அதனை உட்கொள்வதில்லை என்று தம்மிடம் சொன்னதாக அவருடைய மருத்துவர் லீ சிசுயி 1994இல் வெளிவந்த நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். அந்நூலின் எல்லாப் பகுதிகளையும் எல்லாரும் ஏற்பதில்லை. எனினும் அக்கூற்று எழுப்பும் வினா, அது சொல்லப்பட்டதோ இல்லையோ, தப்பிக்க முடியாதது. நான் உண்ணாததை உனக்கு ஊட்டலாமா?

கையில் உள்ளதைக் கொடுப்பதில் இழுக்கில்லை. 'எம்மிடம் மருத்துவர் போதாது; மருந்து போதாது; இப்போதைக்கு இதுவே உண்டு' என்று கூறிக் கொடுக்கும் அரசு மக்களைத் தன் சமமானவராக நடத்துகிறது. இல்லாமையை ஞானமென்று பெயர் மாற்றிக் கொடுக்கும் அரசு அவ்வாறு நடத்தவில்லை. இது தூரத்து நாட்டின் பழங்கதை மட்டுமன்று. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் நம் அரசாங்க வைத்தியசாலைகளில் அத்தியாவசிய மருந்துகள் தட்டுப்பட்டதை நாம் கண்டோம். மருந்தின்றி, ஊசியின்றி, செலவின்றிக் குணம் என்ற வார்த்தை அத்தகைய காலத்தில் வறியவரின் காதில் மட்டுமன்றி, வரவுசெலவுத் திட்டம் எழுதுவோர் காதிலும் இனிமையாகவே ஒலிக்கும்.

(வடகொரியாவிற் கிம் பொங்ஹான் என்பவர் 1961 முதலாக அப்பாதைகளை உடலிற் கண்டுவிட்டதாக அறிவித்ததும், அரசு அதற்கென ஆய்வுநிலையம் அமைத்ததும், சில ஆண்டுகளில் ஆய்வும் ஆய்வாளரும் சுவடின்றி மறைந்ததும் தனிக் கதை. உண்மையைக் கட்சித் தீர்மானத்தால் நிறுவ முடியாது என்பதை நம் பக்கத்தவரும் விலை கொடுத்தே கற்றனர்.)

இனிப் பலனைப் பார்ப்போம். ஜேர்மனியில் நாட்பட்ட முதுகுவலியுள்ள 1162 பேரை வைத்து நடாத்திய ஆய்வொன்றின் முடிவு 2007இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு முறைப்படி ஊசி. ஒரு பகுதியினருக்குப் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்திய போலி ஊசி. எஞ்சியோருக்கு மருந்து, உடற்பயிற்சி முதலிய வழமையான சிகிச்சை. ஆறு மாதங்களின் பின் முதற் பகுதியினரில் 47.6 வீதத்தினர் தேறினர். போலி ஊசி பெற்றோரில் 44.2 வீதத்தினர், வழமையான சிகிச்சை பெற்றோரில் 27.4 வீதத்தினர் மட்டுமே. 2009இல் அமெரிக்காவில் 638 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு இன்னும் வியப்பானது. அங்கே போலிச் சிகிச்சைக்குப் பயன்பட்டது பற்குச்சி. சிறு குழாயினூடே அதனைத் தோலின்மேல் வைத்து அழுத்தித் திருகினர், தோல் துளைக்கப்படவில்லை. எட்டு வாரங்களின் பின் ஊசி பெற்றோரும் பற்குச்சி பெற்றோரும் ஏறத்தாழ ஒரே அளவில், பத்துக்கு ஆறு பேர், நலங் கண்டனர். வழமையான சிகிச்சையோடு நின்றவரில் நலங் கண்டோர் 39 வீதத்தினர்.

இவ்வெண்களை இரு சாராரும் தத்தமக்கு வேண்டிய பாதியை மட்டும் வாசிக்கின்றனர். 'வழமையான சிகிச்சையை வென்றுவிட்டது' என்பர் ஆதரவாளர். 'போலியும் மெய்யும் ஒன்றே' என்பர் எதிர்ப்பாளர். இரண்டும் உண்மை. புள்ளி எங்கிருக்கிறது என்பது முதுகுவலியைப் பொறுத்தவரை முக்கியமில்லை, ஊசியும் இன்றியமையாததன்று, ஆயினும் ஏதோவொன்று வேலை செய்திருக்கிறது.

ஒரு விலக்கையும் நேர்மையாகக் கூறவேண்டும். மணிக்கட்டின் உட்புற மடிப்பிலிருந்து மூன்று விரலளவு மேலே, இரு தசைநார்களுக்கிடையே ஒரு புள்ளி உண்டு. அதனைத் தூண்டினால் சத்திரசிகிச்சைக்குப் பின்வரும் குமட்டலும் வாந்தியும் குறைகின்றன என்பதை 1980களிற் பெல்பாஸ்ற் நகரத்து மயக்கமருந்து மருத்துவர் டண்டீ ஆராயத் தொடங்கினார். 59 ஆய்வுகளை, 7667 நோயாளரை, ஒன்றுசேர்த்து நோக்கிய 2015ஆம் ஆண்டின் மதிப்பீடு போலிச் சிகிச்சையினும் இது மேலானதென்றே கண்டது. அவ்வாய்வுகளின் தரம் உயர்ந்ததன்று என்றும் உடன் கூறியது. விரலால் அழுத்துவதும் அத்தூண்டல்களில் ஒன்று. அப்புள்ளியின் கீழே செல்வது கைநடு நரம்பு. தொடுகையின் செய்தி நோவின் செய்தியை முள்ளந்தண்டு வடத்திலேயே தடுக்கக்கூடும் என்று மெல்சாக், வோல் என்னும் இருவர் 1965இற் கூறிய கோட்பாட்டையும் இங்கு நினைக்கலாம். இடித்துக்கொண்ட முழங்காலை நாம் ஏன் தேய்க்கிறோம் என்பதற்கு அதுவே விளக்கம். பேரரசின் ஆறுகளை அழைக்கவேண்டிய தேவை இங்கு எழவில்லை.

சரி, முதுகுவலியில் வேலை செய்த அந்த 'ஏதோவொன்று' யாது? ரெட் கப்சக் என்ற அமெரிக்கர் இளமையில் மக்காவுக்குச் சென்று சீன மருத்துவம் பயின்றவர். அதனைப் போற்றி நூலும் எழுதியவர். பின்னர் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் அதனை ஐயத்தோடு ஆராய்ந்தவர். குடல் உளைச்சல் நோயுடைய 262 பேரை அவர் குழுவினர் மூன்றாகப் பிரித்தனர். ஒரு பகுதியினர் காத்திருப்போர் பட்டியலில் மட்டும் இருந்தனர். ஏனைய இரு பகுதியினருக்கும் தோலைத் துளைக்காத போலி ஊசி. ஆனால் ஒரு பகுதியினரிடம் வைத்தியர் ஐந்து நிமிடத்துக்குள் பேச்சை முடித்துக்கொண்டார். மற்றப் பகுதியினரோடு முக்கால் மணி நேரம் இருந்து, நோயைப் பற்றியும் வாழ்வைப் பற்றியும் கேட்டார், பரிவோடு மறுமொழி கூறினார். மூன்று வாரங்களில் நிவாரணம் கண்டோர் முறையே 28, 44, 62 வீதத்தினர். 2008இல் வெளிவந்த முடிவு இது.

நாற்பத்து நான்குக்கும் அறுபத்திரண்டுக்கும் இடையே ஊசியில்லை, புள்ளியில்லை, ச்சியில்லை. இருப்பது நேரம், மனிதனை மனிதன் கேட்டல். நம் அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் துண்டெடுத்து வாங்கிலிற் காத்திருக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் மீனவப் பெண்ணுக்கும் எத்தனை நிமிடங்கள் கிடைக்கின்றன? முகத்தைப் பார்க்குமுன் மருந்து எழுதப்பட்டுவிடுகிறது. அதே வைத்தியர் மாலையிற் கட்டணம் செலுத்துவோரிடம் சற்று அதிகமாகப் பேசுகிறார். அவரை நான் குறைகூற வரவில்லை. நாளொன்றுக்கு நூறு பேரைப் பார்க்கும் எவரிடத்தும் பரிவு வற்றிவிடும். ஆனால் மருத்துவத்தில் நேரமும் ஒரு மருந்தென்றால், அம்மருந்து எவருக்குப் பங்கிடப்படுகிறது, எவருக்கு மறுக்கப்படுகிறது என்ற வினா அரசியல் வினாவாகும். அக்குபிரஷர் நிலையத்திற் கூட்டம் சேர்வது மக்களின் மூடத்தனத்தால் என்று நம்மில் ஒருவர் கூறும்போது, அந்த மக்கள் அங்கே அரைமணி நேரம் தொடப்படுகிறார்கள், கேட்கப்படுகிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்.

அப்படியானால் பொய்யைச் சகித்துக்கொள்வதா? 'கையோடு கதையும் சேர்ந்தாற்றான் பலன். கதையை எடுத்துவிட்டால் பலனும் போய்விடும்' என்பது வலுவான ஆட்சேபமே. அதனையும் கப்சக் குழுவினர் சோதித்தனர். 2010இல் வெளியான அவ்வாய்வில் 80 நோயாளர். ஒரு பகுதியினரிடம் மாத்திரைகளைக் கொடுத்து, 'இவற்றில் மருந்தேதும் இல்லை' என்று வெளிப்படையாகவே கூறினர். இத்தகைய மாத்திரையும் சிலவேளை நன்மை தருவதுண்டு என்பதையும் விளக்கினர். அவர்களில் 59 வீதத்தினர் நிவாரணம் கண்டனர். மாத்திரை பெறாதோரில் 35 வீதத்தினர். ஆய்வு சிறியது; நோயும் ஒன்றே. ஆனால், ஏமாற்றினாலன்றி ஆறுதல் கொடுக்க இயலாது என்ற கூற்றை இனி ஆதாரமின்றிச் சொல்ல முடியாது. பொய்யின் அவசியமே ஐயத்துக்குரியதாகும்போது பொய் சொல்வதற்கு என்ன நியாயம் மிஞ்சும்?

மேலும், கதை தீங்கற்றது அன்று. முதுகுவலியையும் குமட்டலையும் தணிக்கும் கையோடு நில்லாது, ஓட்டப் பாதை எல்லா உறுப்புகளுக்கும் செல்கிறது என்பதால் எல்லா நோயும் தீரும் என்று கதை தானே வளர்கிறது. மார்பிற் கட்டியுள்ள பெண் விரலழுத்தத்தை நம்பி ஆறு மாதம் கழிக்கிறாள். நீரிழிவுள்ள பிள்ளையின் இன்சுலின் ஊசியை நிறுத்துமாறு ஆலோசனை கிடைக்கிறது. ஊசியின்மை அங்கே கருணையாகவே தோன்றும். இத்தகையவருக்கு, 'உனக்குப் பலன் இருந்தாற் போதும்' என்ற தாராள மனப்பான்மை கொலைக்கு ஒப்பானது. கையின் எல்லையைக் கூறுவது உண்மை ஒன்றே. கதைக்கு எல்லை கிடையாது.

பிழைப்பு என்னாகும் என்றும் கேட்கப்படுகிறது. அவ்வினாவை நான் இலேசாக எடுக்கமாட்டேன். யப்பானிலே பிடித்துவிடுதலும் ஊசியிடுதலும் பல நூற்றாண்டுகளாகப் பார்வையற்றோரின் தொழில்கள். பதினேழாம் நூற்றாண்டிற் குழாயினூடே ஊசியிடும் முறையைப் பரப்பிய சுகியாமா வயிச்சி பார்வையற்றவர். மேலே சொன்ன பற்குச்சிக் குழாய் அவர் வழிவந்ததுதான். போரின் பின் 1947இல், அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் இத்தொழில்களை விஞ்ஞானமற்றவை என்று தடைசெய்ய முற்பட்டபோது பார்வையற்றோர் திரண்டெழுந்தனர். அவர்களுடைய சோறு அவர்கள் விரலில் இருந்தது. அவ்வாண்டின் இறுதியில் வந்த சட்டம் தொழிலைத் தடைசெய்யவில்லை. பயிற்சியையும் அனுமதிப் பத்திரத்தையும் கட்டாயமாக்கியது. விரலழுத்தமாகிய ஷியற்சுவை வளர்த்த நமிகோஷி தொகுஜிரோ, பாதைகளை விட்டு நரம்பையும் தசையையும் கொண்டே தம் முறையை விளக்கினார். அவருக்குப் பின்வந்த மசுனாகா ஷிசுதோ பழைய பாதைகளை மீண்டும் கொணர்ந்தார். இருவர் கைகளுக்கும் நோயாளர் வந்தனர்.

இன்றும் யப்பானின் பார்வையற்றோர் பாடசாலைகளில் இத்தொழில் கற்பிக்கப்படுகின்றது. அங்கு பயிலும் மாணவன் அனுமதிப் பத்திரம் பெறுமுன் தேறவேண்டிய பாடங்களில் உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் உண்டு.